தொலைவூர்ப் பள்ளிகளும் உள்ளாட்சி நிதியும்: சென்னை மாகாணத் தொடக்கக் கல்வியின் நிருவாக வரலாறு (1822–1981)

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வி வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவோ கொள்கைகளின் வரலாறாகவோ எழுதப்பெற்றுள்ளது. பள்ளிக்கான பணம் எந்த வரியிலிருந்து வந்தது, அதை எந்த மன்றம் செலவிட்டது, அம்மன்றம் ஊரிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. தாலுகாத் தலைநகருக்கும் நெடுஞ்சாலைக்கும் அப்பாற்பட்ட ஊர்களின் பள்ளிகளை மையமாகக் கொண்டு, 1822ஆம் ஆண்டின் கல்விக் கணக்கெடுப்பு தொடங்கி 1981இல் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியராக்கப்பட்டது வரையிலான உள்ளாட்சி நிதி அமைப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. ஊரின் நிலத் தீர்வையை அளவாகக் கொண்டு பள்ளிக்கு நிதி ஒதுக்கும் முறை, தீர்வை குறைந்த ஊர்களைத் தொடர்ந்து பின்தள்ளியது என்பதும், அதனை மாற்ற மேற்கொண்ட முயற்சி 1960இல்தான் ஓரளவு வடிவம் பெற்றது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, கல்வி வரி, ஓராசிரியர் பள்ளி, ஊராட்சி ஒன்றியம், நூலக வரி

முன்னுரை

ஊர்ப்புறத்து முதியோர் தாம் படித்த பள்ளியைக் குறிப்பிடும்போது 'போர்டு ஸ்கூல்' என்பர். அவர்களுக்கு இளையோர் 'யூனியன் பள்ளிக்கூடம்' என்பர். அதற்கும் பின்வந்த தலைமுறை 'கவர்ன்மென்ட் பள்ளி' என்கிறது. கட்டடம் ஒன்றே, வேப்பமரமும் ஒன்றே. பெயர் மட்டும் இருமுறை மாறியிருக்கிறது. இம்மூன்று பெயர்களும் மூன்று நிதி அமைப்புகளின் பெயர்கள். பள்ளியை ஊரார் அதன் உடைமையாளரின் பெயரால் அழைத்தனர் என்பது ஆய்வாளர் கவனத்திற்குரிய செய்தி.

இங்குத் 'தொலைவூர்' என்னும் சொல் இரு பொருளில் ஆளப்படுகிறது. ஒன்று, சாலையும் ஆற்றுப்பாலமும் இல்லாமையால் நேரும் இடத்தொலைவு. மற்றொன்று, வரி வருவாய் குன்றியமையால் நிருவாகத்தின் கணக்கில் நேரும் தொலைவு. இவ்விரண்டும் எப்போதும் ஒருங்கே அமைவதில்லை. காவிரிக் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்று சாலையற்றதாயினும் தீர்வை மிக்கதாக இருக்கலாம். இராமநாதபுரத்து வறண்ட ஊர் ஒன்று சாலையோரத்தில் இருந்தும் தீர்வையற்றதாக இருக்கலாம். கல்வி நிருவாக ஆவணங்கள் முதல்வகைத் தொலைவையே பேசுகின்றன. பள்ளியின் இருப்பைப் பெரிதும் முடிவு செய்தது இரண்டாம் வகையே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

மன்றோவின் கணக்கும் பெல்லாரியின் விளக்கமும்

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பள்ளிகள் பற்றிய விவரங்களைக் கோரினார். மாவட்ட ஆட்சியர்களின் அறிக்கைகளைத் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் காட்டப்பெற்றனர், மக்கள்தொகை 1,28,50,941. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இவ்வெண் காலனியத்திற்கு முந்தைய கல்வியின் பெருமையை நிறுவுவதற்கும் மறுப்பதற்கும் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. அவ்விவாதத்திற்குள் இக்கட்டுரை நுழையவில்லை. பள்ளிக்குச் சராசரி 15 மாணவர் என்னும் மற்றொரு கணக்கே நமக்கு இன்றியமையாதது. பதினைந்து பிள்ளைகள் தரும் அரிசியையும் காசையும் நம்பி வாழ்ந்த ஓராசிரியரே அன்றைய பள்ளி. அவர் வேறூர் சென்றால் பள்ளியும் உடன் சென்றது.

பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இத்தொகுப்பில் தனித்து நிற்பது. தம் மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணவர்களும் இருப்பதாகக் கூறிய அவர், கல்வி குன்றியமைக்குக் காரணத்தையும் ஆராய்ந்தார். ஐரோப்பிய நெசவுப் பொருள்களின் வரவால் உள்ளூர்த் தொழிலாளர் வருவாய் இழந்தமை, பழைய அரசர்களும் அவர்தம் அதிகாரிகளும் உள்ளூரிலேயே செலவிட்ட பொருள் இப்போது வெளியேறுவது, வறுமையால் பிள்ளைகள் கைகால் வலுப்பெற்றவுடன் வேலைக்கு அனுப்பப்படுவது ஆகியவற்றை அவர் எடுத்துரைத்தார். பள்ளியின் நிலைக்கு ஊரின் பொருளாதாரமே அடிப்படை என்பதை ஆட்சியின் உள்ளிருந்தே ஒருவர் சொன்னார் எனலாம்.

மன்றோ முன்வைத்த தீர்வு வேறு. ஒவ்வொரு மாவட்டத்திலும் இரு தலைமைப் பள்ளிகள், ஒவ்வொரு தாசில்தாரியிலும் ஒரு பள்ளி. ஆசிரியர்க்கு முறையே மாதம் 15 ரூபாய், 9 ரூபாய். ஒன்பது ரூபாய் சிறிதாகத் தோன்றினும் மாணவர் தரும் கட்டணத்தோடு சேர்ந்தால் ஸ்காட்லாந்தின் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரைவிட இவர் நல்ல நிலையில் இருப்பார் என்று அவர் கருதினார். அவர் பிறந்த நாட்டில் ஊர்ப் பள்ளிக்கு நிலவுடைமையாளர் வரி செலுத்தும் வழக்கம் சட்டத்தால் நிலைபெற்றிருந்தது. ஒப்பீட்டுக்கு ஸ்காட்லாந்தை எடுத்துக்கொண்டவர் அவ்வூர் வரியமைப்பை இங்குக் கொணர முனையவில்லை. பணம் கருவூலத்திலிருந்து வந்தது. பள்ளி தாசில் கச்சேரி இருந்த ஊரில் அமைந்தது. அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் திட்டத்தில் இடம்பெறவில்லை. 1827இல் மன்றோ மறைந்தார். 1836இல் இப்பள்ளிகள் கைவிடப்பட்டன.

வரி தரும் ஊர், தராத ஊர்

ஊரார் தமக்குத் தாமே வரி விதித்துப் பள்ளி நடத்தும் முறைக்குச் சென்னை மாகாணத்தில் முதல் முன்மாதிரி கோதாவரி மாவட்டத்தில் தோன்றியது. இராஜமுந்திரித் துணை ஆட்சியர் ஜி. என். டெய்லர் 1850களின் நடுப்பகுதியில் நரசாபுரம் வட்டாரத்தில் இதனைத் தொடங்கினார். தீர்வையோடு சேர்த்து ஒரு சிறு மேல்வரி; அதைக்கொண்டு பள்ளி. ஆர்தர் காட்டனின் அணை 1852இல் முடிந்து கழிமுகம் செழித்திருந்த காலம் அது. வரி கொடுக்கும் வலிமை ஊரிடம் இருந்தது. எனினும், தீர்வை தண்டும் அதிகாரியே கேட்கும் 'விருப்ப வரி' எவ்வளவு விருப்பத்தோடு தரப்பட்டிருக்கும் என்னும் ஐயம் அன்றே எழுந்தது. இம்முயற்சிக்குச் சட்ட வடிவம் தர 1863இல் இயற்றிய சென்னைக் கல்விச் சட்டம், விரும்பிய ஊர்கள் மட்டும் வரி விதித்துக்கொள்ளலாம் என்றது. விரும்பிய ஊர்கள் சிலவே.

1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் விருப்பத்தை நீக்கிக் கடமையாக்கியது. நிலத்தின் மீது ரூபாய்க்கு ஓரணாவுக்கு மிகாத மேல்வரி, சுங்கச்சாவடிக் கட்டணம், பள்ளிகளுக்கென வீட்டு வரி ஆகியவை இதன் வருவாய் வாயில்கள். வீட்டு வரிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்து சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. எஞ்சிய நில மேல்வரியில் பெரும்பகுதியைச் சாலைகள் எடுத்துக்கொண்டன. சாலைக்கும் பள்ளிக்கும் ஒரே பணப்பை என்னும் இந்த ஏற்பாட்டின் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். சாலை, வரி மிகுதியாகத் தரும் ஊர்களை இணைத்துச் சென்றது. சாலை உள்ள ஊருக்குப் பள்ளி ஆய்வாளர் வந்தார். ஆய்வாளர் வந்த பள்ளிக்கு மானியம் கிடைத்தது. 1860களின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்த முடிவுவழி மானியம், தேர்வில் தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஆசிரியர்க்குப் பணம் தந்தது. திண்ணைப் பள்ளிகள் பல அரசுக் கணக்கிற்குள் வர இதுவே காரணம் என்பதை மறுக்க இயலாது. ஆயினும், அறுவடைக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் வயலுக்குச் சென்றுவிடும் மானாவாரி ஊரில் ஆசிரியர் இம்மானியத்தை நம்பி வாழ முடியாது.

1882இல் ரிப்பன் பிரபுவின் தன்னாட்சித் தீர்மானமும் ஹண்டர் தலைமையிலான கல்விக் குழுவும் ஒரே ஆண்டில் அமைந்தன. தொடக்கக் கல்வியை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரை. 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்று அடுக்குகளை ஏற்படுத்தியது. ஜில்லா போர்டின் தலைவர் மாவட்ட ஆட்சியரே. உறுப்பினர் பலர் மிராசுதாரர், வழக்குரைஞர், வணிகர். 'போர்டு ஸ்கூல்' என்னும் சொல் மக்கள் வழக்கில் நிலைபெற்றது இதன் பின்னரே.

1920ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் உள்முரணும்

சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சிச் சட்டம், கிராம ஊராட்சிச் சட்டம் மூன்றும் 1920இல் நிறைவேறின. தொடக்கக் கல்விச் சட்டப்படி மாவட்டந்தோறும் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. உள்ளாட்சி மன்றம் தான் விதிக்கும் வரிகளின் மேல் 25 விழுக்காட்டிற்கு மிகாமல் கல்வி வரி தண்டலாம். அவ்வாறு தண்டிய தொகைக்குக் குறையாத தொகையை அரசு தன் பங்காகத் தரும். தேர்ந்தெடுத்த பகுதிகளில் கட்டாயக் கல்வியைக் கொணரவும் இச்சட்டம் இடமளித்தது.

இவ்வேற்பாடு நேர்மையானதாகத் தோன்றும். ஊரார் ஒரு ரூபாய் தந்தால் அரசும் ஒரு ரூபாய் தரும் என்பதில் என்ன குறை? குறை இதுதான்: நூறு ரூபாய் தண்டக்கூடிய பகுதிக்கு அரசின் நூறு ரூபாய் சென்றது, பத்து ரூபாய் மட்டுமே தண்டக்கூடிய பகுதிக்குப் பத்து ரூபாய் சென்றது. இருப்பவர்க்கு மிகுதியாகவும் இல்லாதவர்க்குக் குறைவாகவும் பொதுப்பணத்தைப் பகிரும் கணக்கு, சமப் பங்கு என்னும் பெயரில் சட்டமாயிற்று. நில அளவை முழுமையாக நடைபெறாத, தீர்வையே மிகச் சிறிதாக இருந்த மலைப்பகுதிகளில் நில வரியின் மேல் ஏற்றும் வரி எவ்வளவு தேறும்? கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அங்கு அரசுக்கு நேராகச் சேரும் நிலத் தீர்வை என ஒன்று இல்லாதபோது அதன் மேல் கல்வி வரி என்னும் பேச்சிற்கே இடமில்லை.

இதே 1920இல் சென்னை மாநகராட்சி, பி. தியாகராயச் செட்டியாரின் தலைமையில், ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டுப் பகலுணவு அளிக்கத் தீர்மானித்தது. பின்னர்த் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவு செய்தல் கூடாதென அரசு தடுத்ததால் 1925இல் அது நின்றது. இச்செய்தி பலரும் அறிந்தது. ஆனால், வருவாய் மிக்க மாநகராட்சியாலேயே தொடர இயலாத ஒன்றை எந்தத் தாலுகா போர்டும் கனவிலும் நினைத்திருக்காது என்னும் பக்கத்தைப் பலர் கருதுவதில்லை. உணவுச் செலவைக் கல்விச் செலவாக ஏற்பதா என்னும் சட்டவினா அடுத்த முப்பதாண்டுகள் விடையின்றிக் கிடந்தது.

ஊருக்குள்ளேயே ஒரு தொலைவு

இடத்தொலைவு, வரித்தொலைவு ஆகிய இரண்டிலும் அடங்காத மற்றொன்றும் உண்டு. போர்டு பள்ளிகள் பலவற்றிற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. அக்கிரகாரத்துத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ ஊர்ச் சாவடியிலோ அவை நடந்தன. சேரிக்கும் சாவடிக்கும் இடையே அரைக்கல் தொலைவுதான். ஆயினும் ஆதிதிராவிடப் பிள்ளைக்கு அது கடக்க இயலாத தொலைவு. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்னும் ஆணைகள் மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டன. ஓர் ஆணை பலமுறை பிறப்பிக்கப்படுகிறதென்றால் அது நடைமுறையாகவில்லை என்பதே பொருள். தொழிலாளர் நலத் துறை இவர்களுக்கெனத் தனிப்பள்ளிகளைத் தொடங்கியதற்கு உள்ளாட்சி மன்றங்களின் தயக்கமும் ஒரு காரணம்.

விதிவிலக்குகளும் உள்ளன. 1928இல் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைமையேற்ற டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் நீக்கப்படும் என ஆணையிட்டார். இவ்வாணை சமூக நீதி வரலாற்றில் போற்றப்படுவது. கல்வி வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. உயர்நிலைப் பள்ளி அன்று பேரூரில்தான் இருந்தது. பேருந்தில் ஏற முடியாத இளைஞனுக்கு எட்டாம் வகுப்பிற்கு மேற்பட்ட கல்வி இல்லை. பள்ளியின் கதவைத் திறப்பதற்கு முன் பேருந்தின் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. அதைச் செய்யும் அதிகாரம் போர்டுத் தலைவரிடம் இருந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிருவாகத்தோடு இணைந்து மதுரை மாவட்டத்தில் தோன்றிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வேறொரு வகை. 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த அதே காலப்பகுதியில் இவை உருப்பெற்றன. கல்வி ஒருகையிலும் கைரேகைப் பதிவு மறுகையிலுமாக வந்த இந்த ஆதரவைப் பற்றித் தனியே எழுத வேண்டும். போர்டு பள்ளிகள் சென்றடையாத ஊர்கள் பலவற்றில் இவையே முதல் பள்ளிகளாக அமைந்தன என்பதை மட்டும் இங்குக் குறிக்கலாம்.

மூடப்பட்ட பள்ளிகள்

ஹார்டாக் குழு 1929இல் தந்த அறிக்கை இந்தியத் தொடக்கக் கல்வியின் போக்கை மாற்றியது. 1922–23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு சிறுவர்களில் 18 பேரே 1925–26இல் நான்காம் வகுப்பில் இருந்தனர் என்று அது காட்டியது. தேக்கம், விரயம் என்னும் சொற்கள் கல்வித்துறையின் அன்றாட வழக்காயின. குழு கண்ட காரணங்களுள் ஒன்று ஓராசிரியர் பள்ளிகளின் பெருக்கம். தரமற்ற பள்ளிகளைப் பரப்புவதை நிறுத்தி, இருப்பவற்றை வலுப்படுத்துக என்பது அதன் அறிவுரை.

எண்களை மறுக்க இயலாது. ஆனால் அறிவுரையின் சுமை யார்மேல் விழுந்தது? ஓராசிரியர் பள்ளி இருந்தது சிற்றூரில். இரண்டு மூன்று பள்ளிகளை ஒன்றாக்கும்போது நிலைத்தது பெரிய ஊரின் பள்ளி. 1930களில் சென்னை மாகாணத்தில் தொடக்கப்பள்ளிகளின் எண்ணிக்கை குறைந்தது. மாணவர் எண்ணிக்கை அவ்வாறு குறையவில்லை. இதனைத் திறமையின் வெற்றியாக அக்கால அறிக்கைகள் காட்டின. ஓடையைக் கடந்து இரண்டு மைல் நடக்க வேண்டிய ஏழு வயதுப் பெண்பிள்ளையின் கணக்கு அவ்வறிக்கையில் தனியே இல்லை.

இதே பத்தாண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1934இல் தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டு அவற்றின் பள்ளிகள் ஜில்லா போர்டிடம் சென்றன. நிதிப் பற்றாக்குறையும் கட்சிப் பூசலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன, இரண்டும் உண்மையே. ஆயினும் அதுவரை தாலுகா ஊரில் முறையிடக்கூடியதாக இருந்த குறை, இனி மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டியதாயிற்று. மாவட்டக் கல்விக் கழகங்களும் நிலைக்கவில்லை. பள்ளி மூடப்படும் காலத்திலேயே அதைத் தடுக்கக் கேட்கும் இடமும் தொலைவானது என்பது தற்செயலாக இருக்கலாம், விளைவு ஒன்றே.

பள்ளிக்கு அப்பால்: இளைஞரும் நூலகமும்

ஐந்தாம் வகுப்போடு நின்ற இளைஞர் சில ஆண்டுகளில் எழுத்தை மறப்பது பெருங்குறையாக உணரப்பட்டது. 1931 அக்டோபரில் மன்னார்குடியில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டுவண்டியில் நூலகம் ஒன்றை அமைத்து அண்டை ஊர்களுக்கு அனுப்பினார். அதனைத் தொடங்கிவைத்தவர் எஸ். ஆர். இரங்கநாதன். சாலையற்ற ஊருக்கும் வண்டிப்பாதை உண்டு என்னும் எளிய உண்மையின் மேல் எழுந்த முயற்சி இது. தனிமனிதர் ஒருவரின் கொடை இதற்கு அடிப்படை. அதுவே இதன் எல்லையும்.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இதை வரியின் அடிப்படைக்குக் கொணர்ந்தது. சொத்து வரி அல்லது வீட்டு வரியில் ரூபாய்க்கு ஆறு பை (பழைய கணக்கில் அரையணா) நூலக வரியாகத் தண்டப்பட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர வேண்டும். சென்னை நகர் நீங்கலாக மற்ற மாவட்டங்களில் அரசும் அதற்கிணையான தொகையைத் தரும். பயணச்சீட்டோ கட்டணமோ இன்றி இளைஞர் ஒருவர் நாளிதழ் படிக்க இயன்ற இடமாகக் கிளை நூலகங்கள் அமைந்தன. வீட்டு வரியே சிறிதாக இருந்த ஊர்களுக்கு வழக்கம்போல் இவை தாமதமாக வந்தன. அவ்விடைவெளியில் ஊராட்சி வானொலி அறையும், 1952க்குப் பின் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் இளைஞர் மன்றமும் ஓரளவு பணியாற்றின.

1953 முதல் 1960 வரை

1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த மாற்றித் திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம் நகராட்சிப் பகுதிகளை விட்டு ஊர்ப்புறப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தப்பட்டது. அரைநாள் பள்ளி, அரைநாள் தொழில். குலக்கல்வி எனக் கண்டனத்திற்குள்ளாகி 1954 மே மாதம் அது கைவிடப்பட்டது. இதன் சாதிப் பொருள் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஊரையும் நகரையும் இரு அளவுகோலால் அளந்த இதன் நிருவாகப் பொருள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒரே ஆசிரியரைக் கொண்டு இரு தொகுதிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்னும் சிக்கனக் கணக்கும் அதில் இருந்தது.

காமராசர் ஆட்சியில் அளவுகோல் மாறியது. வரி எவ்வளவு என்று கேட்பதற்கு மாறாக மக்கள்தொகை எவ்வளவு, அண்மைப் பள்ளி எத்தனை மைல் என்று கேட்கப்பட்டது. 500 பேர் உள்ள பள்ளியற்ற ஊருக்குப் பள்ளி என்னும் விதி பின்னர் 300 பேருக்கு எனத் தளர்த்தப்பட்டது. 1957இல் நடந்த முதல் அனைத்திந்தியக் கல்விக் கணக்கெடுப்பு குடியிருப்பு தோறும் பள்ளியின் தொலைவைக் குறித்தது. இக்கட்டுரையின் நோக்கில் இதுவே பெரிய திருப்பம். தொலைவூர் முதன்முறையாகத் தொலைவூர் என்னும் தகுதியாலேயே உரிமை பெற்றது.

மதிய உணவு 1956இல் தொடங்கியது. உள்ளூர்ப் பங்களிப்போடு அரசு மானியம் சேர்ந்தது. 1925இல் அடைபட்ட வழி இப்படித் திறந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுள் முதலாவது 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. ஊரார் நிலம், பலகை, மணி, கடிகாரம், சீருடை எனத் தந்தனர். இதனை மக்கள் இயக்கம் எனப் போற்றுவது முறையே. எனினும், கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத ஊரின் தலைவர் மாநாட்டுப் பந்தலில் எப்படி அமர்ந்திருப்பார் என்றும் எண்ணத் தோன்றுகிறது. கொடையை அடிப்படையாகக் கொண்ட எந்த ஏற்பாடும் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் முரணைச் சிறிதளவாவது தன்னுள் கொண்டிருக்கும்.

ஊராட்சி ஒன்றியம்

பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் தந்த பரிந்துரைகளை ஒட்டி 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிச் சட்டம் பிறந்தது. 1960 அக்டோபர் 2 முதல் படிப்படியாக ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. ஜில்லா போர்டுகள் மறைந்தன. தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் ஒன்றியத்தின் பொறுப்பாயின. பள்ளியை ஆளும் மன்றம் மீண்டும் அண்மைக்கு வந்தது. தாலுகா போர்டைவிடவும் அண்மைக்கு.

இதனினும் முதன்மையானது நிதி ஏற்பாடு. ஒன்றியங்கள் தலைக்குக் கிடைக்கும் நிலத் தீர்வையின் அளவைக் கொண்டு வகுக்கப்பட்டன. தீர்வை குறைந்த ஒன்றியத்திற்கு இணைமானியத்தின் விகிதம் கூடுதலாக வைக்கப்பட்டது. நாற்பதாண்டுகளாக இருந்த கணக்கு இங்குத் தலைகீழாகியது. வறண்ட ஒன்றியம் தண்டும் ஒரு ரூபாய்க்கு அரசு ஒன்றுக்கு மேல் தந்தது. சட்டமன்றப் பேச்சுகளிலும் மேடைகளிலும் இந்த விகிதப் பட்டியல் பெரிதாக இடம்பெறவில்லை. ஆயினும் அறுபதுகளில் சிற்றூர்ப் பள்ளிகள் பெருகியதற்கு மதிய உணவோடு இதனையும் காரணமாகக் கொள்ள வேண்டும்.

மலைப்பகுதிகளில் நிலை வேறு. கொல்லிமலை, ஜவ்வாது மலை போன்றவற்றில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள் நலத்துறையின்கீழ் இருந்தன. ஒன்றியத்திற்குச் சாலையும் கிணறும். பள்ளி வேறு துறைக்கு. மழையில் பாதை அடைபட்டுப் பள்ளிக்கு ஆசிரியர் வராதபோது ஒன்றியத் தலைவர் பாதையைச் சரிசெய்யலாம்; ஆசிரியரைக் கேட்க முடியாது. ஊருக்கு அண்மையான மன்றம் பள்ளியை ஆள வேண்டும் என்னும் கொள்கை, மிகத் தொலைவான ஊர்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்தது.

1981

ஒன்றிய ஆட்சி ஆசிரியர்க்கு உவப்பானதாக இல்லை. நியமனமும் இடமாற்றமும் ஒன்றியத் தலைவரின் செல்வாக்கிற்கு உட்பட்டன. தேர்தலில் மாற்றணிக்கு உதவியவர் எனக் கருதப்பட்ட ஆசிரியர் ஒன்றியத்தின் கடைக்கோடி ஊருக்கு அனுப்பப்படுவது வழக்கமாயிற்று. இவ்வழக்கத்தை ஆசிரியர் இயக்கங்கள் ஆசிரியரின் துன்பமாகவே பேசின, அது இயல்பு. ஆனால் தண்டனையாக வந்தவரையே தன் ஆசிரியராகப் பெற்ற கடைக்கோடி ஊரின் பக்கமும் உண்டு. மனமின்றி வந்து, மாற்றலுக்கு முயன்றுகொண்டே கற்பித்து, ஓராண்டில் சென்றுவிட்டவரின் பெயர் அவ்வூர் வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கமாக மட்டும் எஞ்சியது.

ஆசிரியர்களின் நெடுநாள் கோரிக்கை ஏற்கப்பட்டு 1981 சூன் 1 முதல் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். உரிய நாளில் ஊதியம், ஓய்வூதியம், பணிப் பாதுகாப்பு ஆகியவை உறுதியாயின. 1982 சூலையில் சத்துணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கியபோது உள்ளூர்க் கொடையை எதிர்பார்க்க வேண்டிய நிலையும் நீங்கியது. வரி தரும் ஊர், தராத ஊர் என்னும் பழைய வேறுபாடு ஆசிரியரின் ஊதியத்திலும் பிள்ளையின் உணவிலும் இல்லாதொழிந்தது. இது சிறிய ஆதாயமன்று.

கட்டடமும் அதன் பழுதுபார்ப்பும் ஒன்றியத்திடமே நின்றன. பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்னும் எழுத்துகளும் நின்றன. தலைமையாசிரியர், ஓடு சரிந்தால் ஒன்றிய அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பமும், உடனாசிரியர் பணியிடம் காலியானால் கல்வி அலுவலகத்திற்கு மற்றொரு விண்ணப்பமும் எழுதத் தொடங்கினார். இரண்டு அலுவலகங்களும் ஒரே ஊரில் இல்லாத வட்டங்களில், அவ்விரு விண்ணப்பங்களையும் நேரில் கொடுக்க அவர் பள்ளியைப் பூட்டிவிட்டுச் செல்ல வேண்டியிருந்தது. ஏனெனில் அவரே அப்பள்ளியின் ஒரே ஆசிரியர்.